முன்வாசலுக்கு இரும்புக் கதவு: ஒரே படம், மூன்று விலை, ஏன்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். பினாங்கில் கடலோரம் இருக்கிற தஞ்சோங் பூங்காவில் பழைய இரண்டு மாடி டெரஸ் வீடு, அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடு, வாங்கியிருக்கிறீர்கள். முன்வாசல் பலகைக் கதவைக் கரையான் தின்றுவிட்டது. அதை எடுத்துவிட்டு, நடுவில் கண்ணாடியும் கண்ணாடிக்கு முன்னால் கொடி வேலைப்பாடும் உள்ள இரும்புக் கதவு போட வேண்டும் என்று ஒரே படத்தை மூன்று கடைக்கு அனுப்பினீர்கள். மூன்றாவது கடை சொன்ன விலை முதல் கடையைப் போல இரண்டரை மடங்கு இருக்கிறது. இதில் ஏமாற்றுவது யார் என்று கேட்கிறீர்கள்.

அநேகமாக யாரும் ஏமாற்றவில்லை. படம்தான் ஒன்று, கதவு மூன்று. ஒவ்வொருவரும் தன் மனதில் இருக்கிற கதவுக்கு விலை போட்டிருக்கிறார். நான் பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், பிறையில் 26 வருடமாக இரும்புப் பட்டறை வைத்திருக்கிறேன், கிரில், கேட், படிக்கட்டு, கதவு எல்லாம் செய்கிறோம், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இரும்புக் கதவின் விலை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருப்பதில்லை. தகட்டின் தடிமனிலும், உள்ளே ஓடுகிற எலும்பிலும், சாயத்துக்கு அடியில் இருக்கிற பூச்சிலும், ஆள் உட்கார்ந்து செய்த மணி நேரத்திலும்தான் இருக்கிறது. இந்த நான்கும் படத்தில் வராது.

நம் ஊரில் கிரில், கேட், ஆவ்னிங் எல்லாவற்றுக்கும் சதுர அடிக்கு இவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) என்று சொல்லிப் பழகிவிட்டோம். கிரில்லுக்கு அது ஓரளவு சரி. கதவுக்குச் சரிப்படாது. சின்னக் கதவு என்றாலும் பூட்டு ஒன்று, கீல் மூன்று, அளவெடுக்க ஒரு முறை, மாட்ட ஒரு முறை, லோரி வாடகை, எல்லாம் அப்படியேதான். அதனால் பாதி அளவுக் கதவு பாதி விலைக்கு வராது. அதே மாதிரி அளவு கொஞ்சம் கூடினால் விலை கொஞ்சம்தான் கூடும் என்றும் நினைக்காதீர்கள். தகடு சாதாரணமாக 4 அடிக்கு 8 அடி அளவில் வருகிறது. 3 அடிக்கு 7 அடிக் கதவு அதற்குள் அடங்கிவிடும். உங்கள் கதவு 8 அடி 2 அங்குல உயரம் என்றால் அந்த இரண்டு அங்குலத்துக்காகப் பெரிய தகடு தேடிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தகட்டை ஒட்டுப்போட்டு, ஒட்டுத் தெரியாமல் தேய்த்து, பட்டி வைக்க வேண்டும். வெயில் படுகிற கதவில் அந்த ஒட்டு என்றைக்காவது ஒரு நாள் கோடாகத் தெரியத்தான் செய்யும். உயரத்தை இரண்டு அங்குலம் குறைத்துக்கொள்ள முடியுமா என்று கடைக்காரர் கேட்டால் அவர் உங்களுக்கு நல்லதைத்தான் சொல்கிறார்.

சரி, எடைக்கு வருகிறேன், விலை வித்தியாசத்தில் முதல் பங்கு இங்கேதான். கண்ணாடி இல்லாத, இரண்டு பக்கமும் தகடு அடித்த முழுக் கதவை வைத்துக் கணக்குப் போடுவோம், புரிந்துகொள்ள அதுதான் சுலபம். ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு, ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு 7.85 கிலோ. 3 அடிக்கு 7 அடி என்பது ஏறக்குறைய 1.95 சதுர மீட்டர். 1.2 மில்லி தகடு என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 37 கிலோ. 2 மில்லி என்றால் 61 கிலோ. உள்ளே சட்டத்துக்கு ஹாலோ போடுவோம், 50க்கு 50 மில்லி சதுரக் குழாய், 20 அடி நீளத்தில் விற்பார்கள். கதவைச் சுற்றிவர 3, 7, 3, 7, மொத்தம் 20 அடி, சரியாக ஒரு நீளம் போய்விடும், குறுக்குச் சட்டத்துக்கு இன்னும் அரை நீளம். 1.2 மில்லி ஹாலோவில் அது 17 கிலோ, 2 மில்லியில் 28 கிலோ. ஆக ஒரு கதவு 54 கிலோ, இன்னொன்று 89 கிலோ. சாயம் அடித்து மாட்டிவிட்டால் இரண்டும் ஒரே கதவு போலத்தான் தெரியும்.

அந்த 35 கிலோவை நீங்கள் கையால் உணர முடியும். எங்காவது இரும்புக் கடைக்குப் போக நேர்ந்தால் 1.2 ஹாலோ ஒரு நீளத்தையும் 2 மில்லி ஹாலோ ஒரு நீளத்தையும் நடுவில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். முதலாவது கையில் வளைந்து ஆடும், இரண்டாவது அசையாமல் வரும். மாட்டிய கதவு என்றால் நடுவில் விரல் முட்டியால் தட்டுங்கள், மெல்லிய தகடு பால்டின் மாதிரி டங்கென்று பேசும், தடித்தது தொப்பென்று அடங்கிவிடும். நாங்கள் பட்டறைக்காரர்கள் அடுத்தவர் செய்த கதவைப் பார்த்ததும் கை தானாகத் தட்டிப் பார்க்கப் போய்விடும்.

தடித்த இரும்பு எடுத்தால் விலை இரும்போடு நிற்காது. 89 கிலோக் கதவைத் தூக்க ஒரு ஆள் கூடுதலாக வேண்டும், கீல் சாதாரணக் கீலாக இருக்கக் கூடாது, உருளைகள் வைத்த கனமான கீல் மூன்றோ நான்கோ வேண்டும், வாசக்கால் தடித்ததாக இருக்க வேண்டும், சுவர் அதைத் தாங்க வேண்டும். பழைய டெரஸ் வீட்டில் அந்தச் சுவர் நாலரை அங்குலச் செங்கல் சுவராக இருக்கும். கனமான கதவை நேராக அந்தச் செங்கலில் போல்ட் அடித்து மாட்டினால், ஒவ்வொரு முறை கதவை அறைந்து சாத்தும்போதும் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாக உதிரும், ஒரு வருடத்தில் வாசக்காலைச் சுற்றி மயிரிழை விரிசல் தெரியும். பக்கவாட்டில் கம்பி வைத்துச் சின்னக் காங்கிரீட் தூண் இழுத்து அதில் வாசக்காலைப் பிடிப்பதுதான் சரியான முறை. அது கொத்தனார் வேலை. பட்டறைக்காரர் கொட்டேஷனில் அது இருக்காது. சுவரை உடைப்பது, திரும்பப் பூசுவது, உடைந்த டைல்ஸை மாற்றுவது, பழைய கதவைக் கொண்டுபோய்ப் போடுவது, இவை யார் கணக்கு என்று கேளுங்கள். விலை குறைவாகச் சொன்னவர் இவற்றையெல்லாம் விட்டிருப்பார், அதிகம் சொன்னவர் சேர்த்திருப்பார். பல நேரம் பாதி வித்தியாசம் இதிலேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது நீங்கள் ஆசைப்பட்ட கொடி வேலைப்பாடு. இதை ராட் ஐயன் (wrought iron) என்று எல்லாரும் சொல்கிறார்கள், கடைக்காரர்களும் அப்படியே எழுதுகிறார்கள். உண்மையான ராட் ஐயன் என்பது உலையில் கிளறிப் பிசைந்து எடுத்த பழைய காலத்து இரும்பு, 1889இல் முடிந்த ஈஃபில் கோபுரம் அந்த வகை இரும்பில் கட்டியது. இன்றைக்கு யாரும் அதை வியாபாரத்துக்கு உருக்குவதில்லை. இப்போது அந்தப் பெயரில் கிடைப்பது சாதாரண மைல்ட் ஸ்டீல்தான், வேலைப்பாட்டின் பாணிக்குத்தான் அந்தப் பெயர். அதில் தவறில்லை, ஆனால் அந்தப் பெயருக்காகக் காசு கூடக் கொடுக்காதீர்கள், வேலைக்குக் கொடுங்கள்.

வேலையில் இரண்டு வழி இருக்கிறது. சுருள், இலை, ஈட்டிமுனை, கூடை எல்லாம் செய்து பெட்டியில் வருகிறது, பெரும்பாலும் சீனாவில் இருந்து. வாங்கி, வெட்டி, இடம் பார்த்து வெல்டிங் வைத்தால் இரண்டு ஆள் இரண்டு நாளில் ஒரு கதவை முடித்துவிடலாம். இன்னொரு வழி, 12 மில்லி சதுரக் கம்பியைச் சூடாக்கி, அச்சில் வைத்துச் சுருட்டி, உங்கள் கதவின் அளவுக்கே கொடியை வளைத்து எடுப்பது. ஒரு பெரிய சுருளை வளைத்து, ஜோடிச் சுருளோடு வைத்துப் பார்த்து, கால் அங்குலம் விலகியிருந்தால் திரும்பச் சூடாக்கித் திருத்தி, இப்படியே ஒரு கதவுக்கு இரண்டு வாரம்கூடப் போகும். பெட்டிச் சாமானில் செய்த கதவை உற்றுப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம், எல்லா இலையும் ஒன்றுபோலவே இருக்கும், கதவு அகலத்துக்குச் சுருள் பொருந்தாத இடத்தில் ஒரு நேர்க்கம்பியை வைத்து இடைவெளியை அடைத்திருப்பார்கள். அது மோசம் என்று சொல்லவில்லை, அழகாகவே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்றை மட்டும் கேளுங்கள், அந்த அலங்காரத் துண்டு ஸ்டீலா, வார்ப்பிரும்பா என்று. வார்ப்பிரும்பில் கார்பன் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கும், சாதாரண முறையில் வெல்டிங் வைத்தால் ஓரத்தில் வெடித்துக்கொள்ளும், சில மாதத்தில் இலை கையோடு வரும்.

லேசரில் தகட்டை வெட்டிக் கோலமோ பிள்ளையாரோ வைப்பது மூன்றாவது வழி, இப்போது நம் ஆட்கள் நிறையக் கேட்கிறார்கள். லேசரில் தகட்டின் பரப்புக்குக் காசில்லை, கோட்டின் நீளத்துக்கும் துளையின் எண்ணிக்கைக்கும்தான் காசு. சின்னச் சின்னப் புள்ளியாக 400 துளை போட்ட கோலம், பெரிய தாமரை ஒன்றைவிட விலை அதிகமாக வரும். படத்தைக் கொஞ்சம் எளிமையாக்கினாலே காசு குறையும், தூரத்தில் இருந்து பார்க்கும்போது அழகும் கூடும்.

இன்னொரு விஷயம், வெல்டிங் வைத்த பிறகு நடக்கிற வேலை. சூடு பட்ட தகடு இழுத்துக்கொள்ளும். அவசரமாக ஒரு மூலையில் ஆரம்பித்து நேராக ஓட்டிக்கொண்டு போனால் கதவு அப்பளம் மாதிரி முறுக்கிவிடும். தெரிந்த ஆள் இங்கே ஒரு அங்குலம், எதிர் மூலையில் ஒரு அங்குலம், ஆற விட்டு மறுபடி என்று வைப்பார். அப்புறம் ஒவ்வொரு ஒட்டையும் கிரைண்டரில் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும், வேலைப்பாட்டின் உள் இடுக்குகளில் கிரைண்டர் போகாது, அரம் வைத்துக் கையால்தான். வாடிக்கையாளர் பார்க்காத வேலை இது, பட்டறையில் அதிக நேரம் தின்கிற வேலையும் இதுதான். 2025 பிப்ரவரியில் இருந்து மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,700 வெள்ளி, வெல்டிங்கில் கை தேர்ந்தவர் அந்தச் சம்பளத்துக்கு ஒரு நாள்கூட நிற்க மாட்டார். அதனால் நேரம் குறைந்தால்தான் விலை குறையும், நேரம் குறைந்தால் முதலில் போவது இந்தத் தேய்க்கிற வேலை. விரலால் ஒட்டுகளைத் தடவிப் பாருங்கள், கரடுமுரடு தட்டினால் அங்கே பட்டி வைத்து மூடியிருக்கிறார்கள், பட்டி உதிர்ந்ததும் அங்கேதான் துரு ஆரம்பிக்கும்.

துரு. தஞ்சோங் பூங்கா என்று சொன்னீர்களே, அதனால் இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். கடல் காற்றில் வருகிற உப்பு இரும்பின் மேல் படிந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதே கதவை மலைப்பக்கம், ஆயர் ஈத்தாமில் மாட்டினால் ஒரு விதமாக இருக்கும், கடலுக்கு எதிரே மாட்டினால் வேறு விதமாக இருக்கும். உங்கள் இடத்துக்குச் சிவப்பு பிரைமர் ஒரு கை, மேலே சாயம் ஒரு கை என்பது போதவே போதாது. தகடும் ஹாலோவும் துத்தநாகம் பூசியதாக, அதாவது ஜிஐ ஆக இருக்க வேண்டும். வெல்டிங் வைத்த இடத்தில் அந்தத் துத்தநாகம் எரிந்துபோய்விடும், அது 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடுகிற உலோகம். அந்தப் புகையைச் சுவாசித்துத்தான் பட்டறை ஆட்கள் இரவில் காய்ச்சலில் கிடக்கிறார்கள். ஆக ஒவ்வொரு ஒட்டின் மேலும் துத்தநாகம் நிறைந்த பிரைமர் அடித்து, பிறகு இப்பாக்சிப் பூச்சு, பிறகு இரண்டு பாகமாகக் கலக்குகிற பாலியூரித்தேன் சாயம். ஒவ்வொன்றும் காய நேரம் வேண்டும், மழைக்காலத்தில் நாள் இன்னும் இழுக்கும்.

சிலர் பவுடர் கோட்டிங் கேட்கிறார்கள். தூளைத் தெளித்து, 180 முதல் 200 டிகிரி சூட்டில் அடுப்பில் வைத்து உருக்கி ஒட்டவைப்பது. கீறல் தாங்கும், பார்க்க வழவழப்பாக இருக்கும். ஆனால் கதவு முழுசாக அடுப்புக்குள் போக வேண்டும், அந்த அளவு அடுப்பு எல்லா இடத்திலும் இல்லை, அனுப்பி எடுக்கிற செலவும் கணக்கில் வரும். மாட்டும்போது எங்காவது வெல்டிங் வைக்க நேர்ந்தால் அந்த இடத்துக் கோட்டிங் போய்விடும், சாயம் மாதிரி அங்கேயே தொட்டுச் சரிசெய்ய முடியாது. பவுடர் கோட்டிங் என்றால் வாசக்கால் முழுக்கப் போல்ட்டில் மாட்டுகிற மாதிரி வடிவமைக்கச் சொல்லுங்கள். உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது இன்னும் பலமானது, ஆனால் 450 டிகிரிச் சூட்டில் மெல்லிய தகடு நெளிந்துவிடும், மூடிய குழாய்க்குள் காற்றுப் போக ஓட்டை இல்லையென்றால் வெடிக்கவும் செய்யும். கேட்டுக்கும் தூணுக்கும் அது சரி, வீட்டுக் கதவுக்கு நான் சிபாரிசு செய்வதில்லை.

ஸ்டேன்லஸ் ஸ்டீலில் செய்யலாமே என்று கேட்பீர்கள். 304 ரகம் கடல் ஓரத்தில் துரு ஓட்டை விழாது, ஆனால் டீத்தண்ணி சிந்தினது போலப் பழுப்புக் கறை வரும், துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 316 ரகத்தில் 2, 3 சதவீதம் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பை நன்றாகத் தாங்கும், விலையும் அதற்குத் தக்கபடி. கதவு முழுக்க அதில் செய்யத் தேவையில்லை. எங்கே தேவை என்பதை ஒரு வீட்டில் கற்றுக்கொண்டேன்.

தஞ்சோங் தோக்கோங் பக்கம் ஒரு அம்மா வீட்டுக்குக் கதவு செய்து கொடுத்திருந்தேன். நல்ல கதவு, பூச்சு எல்லாம் ஒழுங்காகச் செய்தது. மூன்று வருடம் கழித்து அந்த அம்மா கூப்பிட்டார்: "தம்பி, கதவு கீழே மட்டும் அழுகுதுப்பா, மேலே புதுசு மாதிரி இருக்கு." போய்க் குனிந்து பார்த்தால் அடித்தகட்டின் ஓரம் பிஸ்கட் மாதிரி அடுக்கு அடுக்காக உரிந்து கிடந்தது, கட்டைவிரல் வைத்து அழுத்தினேன், விரல் உள்ளே போனது. காரணம் அங்கேயே தெரிந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் வாசற்படியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிறார். அந்தத் தண்ணீர் கதவின் அடி விளிம்பில் ஏறி, தகடும் ஹாலோவும் சேருகிற இடுக்கில் தங்கிவிட்டது. வடிய வழி இல்லை. வாரம் ஒரு முறை, மூன்று வருடம், கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த அம்மா செய்தது தப்பே இல்லை, வாசற்படி என்றால் கழுவத்தான் செய்வார்கள், மஞ்சள் பூசத்தான் செய்வார்கள். அளவெடுக்கப் போன அன்றைக்கு நான் அதைக் கேட்டிருக்க வேண்டும். அதிலிருந்து எங்கள் கதவில் அடிப்பக்கம் நான்கு அங்குலம் 316 தகடு, இரும்போடு நேராகத் தொடாமல் நடுவில் ரப்பர் வைத்து, ஏனென்றால் இரண்டு உலோகமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்புதான் இன்னும் வேகமாகக் கரையும். கீழ்ச் சட்டத்தில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள். படி கிரானைட் கல்லில் வெளிப்பக்கம் லேசாகச் சரிந்து இருக்க வேண்டும். இதனால் விலை கொஞ்சம் ஏறும், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். தோரணம் கட்ட மேலே இரண்டு கொக்கியையும் பூச்சுக்கு முன்பே வெல்டிங் வைத்துவிடச் சொல்லுங்கள், பிறகு யாராவது டிரில் போட்டால் அந்த ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் இறங்கும்.

வாசக்கால் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாசலில் இரும்பு வாசக்கால் வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், செங்கால் (cengal) என்கிற கனமான உள்ளூர் மரத்தில் வாசக்கால் வைத்து அதில் இரும்புக் கதவை மாட்டலாம், செங்கால் அந்தக் கனத்தைத் தாங்கும், ஆனால் கீலுக்கு ஸ்குரூ போதாது, மரத்தை ஊடுருவுகிற போல்ட் வேண்டும். செங்கால் விலை இப்போது இரும்பு வாசக்காலைவிட அதிகம். நல்ல நேரம் பார்த்து வாசக்கால் நடப்போகிறீர்கள் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். விடியற்காலை முகூர்த்தத்துக்குப் பிறையில் இருந்து ஆட்களோடு பாலம் தாண்டி வர வேண்டும், அன்றைக்கு வாசக்கால் மட்டும், டைல்ஸ் பூச்செல்லாம் முடிந்த பிறகு இன்னொரு நாள் கதவு, ஆக லோரி இரண்டு தடவை. இந்த முறையை நான் விரும்பவே செய்கிறேன், நட்ட வாசக்காலில் அளவெடுத்துச் செய்த கதவு உட்காருகிற மாதிரி வேறு எதுவும் உட்காராது. மனையடி சாத்திரப்படி அளவு வேண்டும் என்றாலும் அளவெடுப்பதற்கு முன்னால் முடிவு செய்யுங்கள். தகடு வெட்டிய பிறகு அரை அங்குலம் மாற்றினால் அது புதுக் கதவு விலை.

கண்ணாடிக்கும் இதே பேச்சுதான். டெம்பர் செய்த கண்ணாடியைப் பிறகு வெட்டவே முடியாது, ஓரத்தைக் கொஞ்சம் தேய்க்கப் பார்த்தாலும் முழுசாகப் பொடிப்பொடியாக நொறுங்கும். அதனால் கதவுச் சட்டம் முடிந்த பிறகே கண்ணாடிக்கு அளவு கொடுப்போம், ஒரு வாரம், இரண்டு வாரம் காத்திருக்க வேண்டி வரும். பாதுகாப்புக்கு என்றால் நடுவில் பிசின் படலம் வைத்த லேமினேட் கண்ணாடி நல்லது, உடைந்தாலும் விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். உங்கள் படத்தில் கொடி வேலைப்பாட்டுக்குப் பின்னால் கண்ணாடி இருக்கிறது, நடுவில் கை நுழையாது. கண்ணாடியைத் தனிக் கீல் வைத்து உள்பக்கமாகத் திறக்கிற மாதிரி செய்தால்தான் தூசியும் சிலந்தி வலையும் துடைக்க முடியும். கதவுக்குள் ஒரு சன்னல் செய்கிற வேலை அது. மூன்றாவது கடைக்காரர் அதைச் சேர்த்திருந்தால் அவர் விலை ஏன் ஏறியது என்பதற்கு அதுவே பெரிய காரணம்.

வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. மேற்குப் பார்த்த வாசல் என்றால் சாயங்கால வெயிலில் வெளித்தகடு கையை வைக்க முடியாத அளவு சுடும், உள்தகடு வீட்டுக் குளிர்ச்சியில் இருக்கும். 2 அங்குலக் கதவில் இரண்டு பக்கத்துக்கும் 20 டிகிரி வித்தியாசம் வந்தாலே நடுவில் 2, 3 மில்லி வெளிப்பக்கம் வளையும். காலையில் வெண்ணெய் மாதிரி பூட்டிய பூட்டு நாலு மணிக்கு மக்கர் பண்ணும், ஆறு மணிக்குத் தானாகச் சரியாகிவிடும், பூட்டுக்காரனைத் திட்டிப் பயனில்லை. வெளிர் நிறம், உள்ளே ராக்வூல் (சூடு தடுக்கிற கல் இழைப் பஞ்சு) அடைப்பது, சுற்றிலும் சரியான இடைவெளி, இவைதான் மருந்து. கறுப்பு நிறம்தான் வேண்டும் என்றால் தடித்த சட்டம் போட வேண்டும், காசு கூடும்.

பூட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிஜிட்டல் பூட்டு என்றால் மாடலைக் கதவு செய்வதற்கு முன்பே வாங்கிப் பட்டறையில் கொடுங்கள். ஹாலோவுக்குள் அதன் பெட்டி உட்காருகிற இடத்தை அளவாக வெட்டிப் பலப்படுத்த வேண்டும், பிறகு வெட்டினால் பூச்சு போகும். கொண்டோவில் (அடுக்குமாடி வீட்டில்) இருப்பவர்கள் இதைப் படித்தால், உங்கள் முன்கதவு தீத்தடுப்புக் கதவாக இருக்கும், அதைக் கழற்றிவிட்டு இரும்புக் கதவு போட நினைக்காதீர்கள், முதலில் நிர்வாகத்திடம் கேளுங்கள். ஜார்ஜ்டவுனில் 2008இல் யுனெஸ்கோ அறிவித்த பாரம்பரியப் பகுதிக்குள் கடைவீடு என்றால் முகப்பை மாற்ற மாநகராட்சி அனுமதி வேண்டும், அங்கே இரும்புக் கதவு பேச்சை ஆரம்பிக்காமல் இருப்பதே நல்லது.

கொட்டேஷன் ஏன் இரண்டு வாரம்தான் செல்லும் என்று எழுதியிருக்கிறார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். உலகத்து இரும்பில் பாதிக்கு மேல் சீனாவில்தான் உருகுகிறது, அங்கே விலை அசைந்தால் இங்கே இரும்புக் கடையிலும் அசைகிறது, அதோடு வெள்ளி மதிப்பும். கடைக்காரர் அந்த நட்டத்தைத் தலையில் போட்டுக்கொள்ள விரும்பவில்லை, அவ்வளவுதான். தீபாவளிக்கோ சீனப் புத்தாண்டுக்கோ முன்னால் வேண்டும் என்றால் மூன்று மாதம் முன்பே முன்பணம் கொடுத்துவிடுங்கள். பண்டிகைக்கு மூன்று வாரம் இருக்கும்போது எந்தப் பட்டறையும் சாயம் காயக் காத்திருக்காது, ஈரத்தின் மேலேயே அடுத்த கை அடித்துவிடும்.

இப்போது என்ன செய்யலாம் என்றால், மூன்று கடைக்கும் ஒரே செய்தியை அனுப்புங்கள்: தகடு எத்தனை மில்லி, ஹாலோ எத்தனை மில்லி, ஜிஐயா இல்லையா, பூச்சு எத்தனை கை, என்னென்ன, கண்ணாடி திறக்குமா, கீல் எத்தனை, கொத்தனார் வேலை சேர்த்தியா, கதவின் மொத்த எடை எத்தனை கிலோ. கடைசிக் கேள்வி முக்கியம். எடையைச் சொல்லத் தெரிந்தவர் கதவை மனதில் கட்டிப் பார்த்துத்தான் விலை போட்டிருக்கிறார். முதல் கடைக்காரர் 1.2 மில்லி என்று நேர்மையாகச் சொன்னால் அவரை ஒதுக்காதீர்கள், 2 மில்லிக்கும் ஜிஐக்கும் மாற்றினால் எவ்வளவு என்று கேளுங்கள், ஒருவேளை அவரே உங்களுக்கு ஏற்ற ஆளாக இருக்கலாம்.

செய்தியோடு வாசலை வெளியே நின்று ஒரு படம், உள்ளே நின்று ஒரு படம், வாசற்படியைக் குனிந்து கிட்டத்தில் ஒரு படம் எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள். படியில் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று அந்த மூவரில் யார் திருப்பிக் கேட்கிறார் என்று பாருங்கள்.